மெலடி எப்படி நகர்கிறது? படி, தாவல், இன்டர்வல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் சி மேஜர் ஸ்கேலில் இருக்கின்றன: சி, டி, இ, எஃப், ஜி, ஏ, பி. கீபோர்டில் வெள்ளைக் கட்டைகள் மட்டும். சுரப் பெயர்களில் நினைத்துப் பழகியவர்கள் சி-யைச் சட்ஜமாக வைத்துக்கொண்டால் இதுவே ச ரி க ம ப த நி, அதாவது சங்கராபரணம். கீபோர்டோ கிட்டாரோ பக்கத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு வரியையும் வாசித்துக் கேட்டுக்கொண்டே படியுங்கள். கண்ணால் மட்டும் படித்தால் பாதிதான் பிடிபடும்.

இன்டர்வல் என்றால் என்ன? மெலடிக், ஹார்மோனிக் என்று ஏன் பிரிக்கிறார்கள்?

இரண்டு சுரங்களுக்கு இடையே உள்ள உயர வித்தியாசம்தான் இன்டர்வல். ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தால் மெலடிக் இன்டர்வல், சேர்ந்து ஒலித்தால் ஹார்மோனிக் இன்டர்வல். அளவு ஒன்றுதான், ஆனால் காதுக்கு இரண்டும் வேறு வேறு. சி, டி இரண்டையும் ஒன்றாக அழுத்திப் பாருங்கள், உரசும். அதே இரண்டை அடுத்தடுத்து வாசித்தால் அதைவிட இயல்பான நகர்வே கிடையாது. சி, ஜி இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது சுத்தமாகப் பொருந்தும். மெலடியில் அதே சி–ஜி ஒரு பெரிய தாவல். சேர்ந்தால் உரசுபவை அடுத்தடுத்து வரும்போது வழுக்கிக்கொண்டு போகும். இந்த ஒன்று மனத்தில் பதிந்துவிட்டால் கீழே வரும் விதிகளில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

இன்டர்வலை எப்படி எண்ணுவது? எனக்கு எப்போதும் ஒன்று கூடவோ குறையவோ வருகிறது.

இரண்டு விதமான எண்ணிக்கை இருக்கிறது, அவற்றைக் கலப்பதால் வரும் குழப்பம் இது. இன்டர்வலின் பெயரை (செகண்ட், தேர்ட், ஃபோர்த்...) எழுத்துகளை வைத்து எண்ணுகிறோம், தொடங்கும் எழுத்தும் கணக்கில் சேரும். சி, டி, இ என்று மூன்று எழுத்து, ஆகவே சி–இ ஒரு தேர்ட். அது மேஜரா மைனரா என்பதை அரைச்சுரங்களை எண்ணிச் சொல்கிறோம். கறுப்புக் கட்டைகளையும் சேர்த்து ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு உள்ள தூரம்தான் அரைச்சுரம். இங்கே தொடங்கும் சுரத்தைச் சேர்க்கக் கூடாது. சி-யிலிருந்து இ-க்குப் போக எத்தனை கட்டை நகர வேண்டும்? நான்கு. கிட்டாரில் ஒரே தந்தியில் நான்கு ஃப்ரெட். எனவே மேஜர் தேர்ட்.

அரைச்சுரக் கணக்கு: மைனர் செகண்ட் 1, மேஜர் செகண்ட் 2, மைனர் தேர்ட் 3, மேஜர் தேர்ட் 4, பெர்ஃபெக்ட் ஃபோர்த் 5, டிரைடோன் 6, பெர்ஃபெக்ட் ஃபிஃப்த் 7, மைனர் சிக்ஸ்த் 8, மேஜர் சிக்ஸ்த் 9, மைனர் செவன்த் 10, மேஜர் செவன்த் 11, ஆக்டேவ் 12. வெள்ளைக் கட்டைகளில் இ–எஃப், பி–சி இரண்டு இடங்களில் மட்டும் நடுவே கறுப்புக் கட்டை இல்லை என்பதை மறந்தால் கணக்கு உடனே தப்பும்.

இரண்டு தேர்ட் சேர்ந்தால் சிக்ஸ்த் ஆகாதா?

ஆகாது, ஃபிஃப்த் ஆகும். சி–இ ஒன்று, இ–ஜி இன்னொன்று. நடுவில் உள்ள இ இரண்டு முறை எண்ணப்படுகிறது. கூட்டிவிட்டு ஒன்றைக் கழியுங்கள். தலைகீழாக்கும்போது மொத்தம் ஒன்பது வர வேண்டும்: சி–இ தேர்ட், அதே இ-யிலிருந்து மேல் சி சிக்ஸ்த். அரைச்சுரத்தில் 4-ம் 8-ம் சேர்ந்து 12.

சி–இ ஃபிளாட், சி–டி ஷார்ப் இரண்டும் ஒரே கட்டைதானே? பெயரில் என்ன இருக்கிறது?

ஃபிளாட் என்றால் ஓர் அரைச்சுரம் கீழே, ஷார்ப் என்றால் ஓர் அரைச்சுரம் மேலே. கீபோர்டில் ஒரே கட்டைதான், இரண்டும் 3 அரைச்சுரம். ஆனால் அந்தச் சுரம் அடுத்து எங்கே போக விரும்புகிறது என்பதைப் பெயர் சொல்கிறது. டி ஷார்ப் பெரும்பாலும் மேலே இ-க்கு ஏறும்; இ ஃபிளாட் பெரும்பாலும் கீழே டி-க்கு இறங்கும். சி–டி ஷார்ப் ஆக்மென்டட் செகண்ட், சி–இ ஃபிளாட் மைனர் தேர்ட். தவறான பெயரில் எழுதிய நோட்டேஷனைப் பாடகர் தயங்கித் தயங்கிப் படிப்பது இதனால்தான்: கண் ஒரு திசையைக் காட்டும், பாட்டு வேறு திசையில் போகும்.

படி எது, தாவல் எது? லீனியர் மோஷன் என்பது இதில் எதைக் குறிக்கிறது?

ஸ்கேலில் அடுத்த சுரத்துக்குப் போவது படி. அது ஓர் அரைச்சுரமாகவும் இருக்கலாம், இரண்டாகவும் இருக்கலாம். தேர்ட் சின்னத் தாவல், ஃபோர்த்தும் அதற்கு மேலும் பெரிய தாவல். தேர்டைத் தனியாக வைப்பதற்குக் காரணம் உண்டு: அதற்குப் பிறகு காது எந்த ஈட்டையும் கேட்பதில்லை, ஃபோர்த்துக்குப் பிறகு கேட்கத் தொடங்குகிறது.

லீனியர் மோஷன் என்றால் சுரங்கள் படிப்படியாக ஒரு கோடு போல நகர்வது. அடுத்தடுத்த சுரங்களில் மட்டும் அதைத் தேடக் கூடாது. தள்ளித் தள்ளி வரும் சுரங்களும் ஒரு கோட்டில் சேரும். நல்ல தாவல் ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு படி ஓடிக்கொண்டிருக்கும். இந்தப் பக்கம் முழுவதும் அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கப் போகிறோம்.

படிநகர்வு ஏன் இவ்வளவு முக்கியம்?

பாடுபவருக்கு, குரல்நாண்களின் இழுவை கொஞ்சம் மாறினால் அடுத்த சுரம் வந்துவிடும். சுருதி தப்ப இடம் குறைவு. கேட்பவருக்கான காரணம் இன்னும் ஆழமானது. சி, டி இரண்டையும் மாற்றி மாற்றி வேகமாக வாசியுங்கள். ஒரே குரல் நடுங்குவது போலக் கேட்கும். இப்போது சி-யையும் மேல் ஸ்தாயி ஏ-யையும் அதே வேகத்தில் மாற்றி வாசியுங்கள். கீழே ஒரு குரல் சி, சி, சி என்றும் மேலே ஒரு குரல் ஏ, ஏ, ஏ என்றும் பிரிந்து நிற்கும். எவ்வளவு தூரத்திலும் வேகத்திலும் இந்தப் பிளவு நிகழ்கிறது என்பதை 1975-இல் லேயோன் வான் நோர்டன் தம் ஆய்வேட்டில் விரிவாக அளந்தார். பக்கத்தில் இருப்பவற்றை ஒரே குரலின் பயணமாகவும், தூரத்தில் இருப்பவற்றை வேறு குரலாகவும் காது எடுத்துக்கொள்கிறது. ஆகவே மெலடி ஒரே மெலடியாகக் கேட்க வேண்டுமானால் அதைக் கோத்துப் பிடிக்கும் நூல் படிதான்.

"தாவினால் எதிர்த்திசையில் படியாகத் திரும்ப வேண்டும்" என்கிறார்களே, கட்டாயமா?

பயிற்சிக்கு அருமையான விதி. சி–ஏ என்று மேலே தாவிவிட்டு ஜி, எஃப் என்று இறங்கினால், தாண்டிப்போன இடத்தைத் திரும்பி வந்து நிரப்புகிறீர்கள்; காது சமாதானமாகிறது. ஃபோர்த்துக்கு மேல் போகும் தாவல்களுக்கு முதலில் இதையே கைக்கொள்ளுங்கள்.

ஆனால் காரணம் தெரிந்தால் விதியை எங்கே விடலாம் என்பதும் தெரியும். பால் வான் ஹிப்பலும் டேவிட் ஹியூரனும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில் ஏராளமான மெலடிகளை எடுத்துப் பார்த்தார்கள். மேலே தாவும் சுரம் பெரும்பாலும் பாட்டின் உயர எல்லைக்குப் பக்கத்தில் போய் விழுகிறது. அங்கிருந்து மேலே போக இடம் குறைவு, கீழே இடம் அதிகம். திரும்புவது பெரும்பாலும் அதனால்தான். பாட்டின் நடு உயரத்தை நோக்கித் தாவும் இடங்களில் அப்படித் திரும்பும் போக்கு இல்லை. ஆகவே கீழ் ஜி-யிலிருந்து சி-க்குத் தாவி, அங்கிருந்து டி, இ என்று தொடர்ந்து ஏறினால் தவறில்லை. உச்சியில் விழும் தாவலுக்குத்தான் திரும்பும் கடன் அதிகம்.

எந்தத் தாவல்கள் தொந்தரவு தரும்?

யோஹன் யோசஃப் ஃபுக்ஸ் 1725-இல் கவுன்டர்பாயின்ட் (பல மெலடிகளைச் சேர்ந்தொலிக்க எழுதும் கலை) பாடத்தை ஒழுங்குபடுத்தி எழுதினார். இன்றைக்கும் வகுப்புகளில் சொல்லும் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் அந்த மரபில் வந்தவை. ஃபிஃப்த் வரை தாவலாம், ஆக்டேவ் தாவலாம், மைனர் சிக்ஸ்த் மேல்நோக்கி மட்டும். டிரைடோனும் செவன்த்தும் கூடாது. இவை பாடும் குரலுக்காக வகுக்கப்பட்டவை. கருவிக்கு எழுதும்போது மீறலாம். ஆனால் பாடிப் பார்த்தால் சிரமம் எங்கே என்பது உடனே தெரியும்.

கவனிக்காமல் விடுவது ஒன்று: இரண்டு நல்ல தாவல்கள் சேர்ந்து ஒரு கெட்ட தாவலாகலாம். சி–எஃப்–பி என்று ஏறிப் பாருங்கள். இரண்டும் ஃபோர்த் போலத் தெரியும். ஆனால் எஃப்–பி 6 அரைச்சுரம், டிரைடோன். போதாததற்கு இரு முனைகளும் சேர்ந்து சி–பி, மேஜர் செவன்த். ஒரே திசையில் இரண்டு முறை தாவ வேண்டுமானால் மூன்று சுரமும் ஒரே கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டத்தின்) சுரங்களாக இருக்கட்டும்: சி–இ–ஜி பிரச்சினையில்லை. ஏற்றமும் இறக்கமும் திசை மாறும் முனைகளையும் இதேபோலப் பாருங்கள். எஃப்-இல் தொடங்கி ஜி, ஏ, பி என்று படியாகவே ஏறி அங்கேயே திரும்பினாலும், முனையிலிருந்து முனைக்கு டிரைடோன் எட்டிப் பார்க்கும். பி-யில் நிற்காமல் சி வரை போய்த் திரும்பினால் சரியாகிவிடும்.

ஹார்மோனிக் மைனரில் எஃப்–ஜி ஷார்ப் பாட ஏன் கடினம்?

ஏ ஹார்மோனிக் மைனர் ஸ்கேலில் (ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி ஷார்ப்) இ, எஃப், ஜி ஷார்ப், ஏ என்று ஏறும்போது நடுவில் 3 அரைச்சுர இடைவெளி வருகிறது. பெயரில் செகண்ட், ஒலியில் மைனர் தேர்ட் அளவு. அடுத்த படி என்று கால் வைத்தால் பள்ளம். மெலடிக் மைனர் இதற்காகவே வந்தது: ஏறும்போது எஃப்-ஐயும் எஃப் ஷார்ப் ஆக்கி இ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஏ என்று படியைச் சமன் செய்வது, இறங்கும்போது ஜி, எஃப், இ என்று இயல்பு நிலைக்கு வருவது. ஜி ஷார்ப்பைச் சேர்த்ததே ஏ-க்கு அரைச்சுரத்தில் சேர வேண்டும் என்பதற்காக. இறங்கும்போது அந்தத் தேவை இல்லை.

கர்நாடக இசையின் கீரவாணி ராகத்தில் இதே த1–நி3 அடுத்தடுத்த சுரங்களாகவே கொள்ளப்படுகிறது. மாயாமாளவகௌளையின் ரி1–க3-ம் அப்படித்தான். தாவலா படியா என்பதை அரைச்சுர அளவு மட்டும் முடிவு செய்வதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

தாவலே நிறைந்த மெலடி சில சமயம் அவ்வளவு ஒழுங்காகக் கேட்கிறதே, எப்படி?

சி, இ, டி, எஃப், இ, ஜி, எஃப், இ, டி, சி. இதை வாசியுங்கள். முதல் பாதியில் மூன்று தாவல். ஆனால் எங்கும் சிதறவில்லை. உச்சிச் சுரங்களை மட்டும் எடுங்கள்: இ, எஃப், ஜி. அடிச் சுரங்களை மட்டும் எடுங்கள்: சி, டி, இ. இரண்டு கோடுகள், இரண்டும் படி. ஒரே மெலடி இரண்டு குரல்களாக மாறி மாறிப் பேசுகிறது.

இதன் உச்சத்தைக் கேட்க வேண்டுமானால் பாக் தனிச் செல்லோவுக்கு எழுதிய ஜி மேஜர் தொகுப்பின் (பாக் படைப்புகளின் பட்டியலில் பி.டபிள்யூ.வி. 1007) தொடக்கப் பகுதியைப் பாருங்கள். முதல் நான்கு பாரில் (பார் என்பது ஒரு தாளச் சுற்று) ஒவ்வொரு பாரும் கீழிருந்து மேலே மூன்று சுரங்களை விரித்துக் காட்டுகிறது. முதல் பார் ஜி, டி, பி. இரண்டாவது ஜி, இ, சி. மூன்றாவது ஜி, எஃப் ஷார்ப், சி. நான்காவது ஜி, மேல் ஜி, பி. இப்போது கிடைமட்டமாகப் படியுங்கள். அடியில் ஜி அசையாமல் நிற்கிறது. நடுவில் டி, இ, எஃப் ஷார்ப், ஜி என்று மூன்று படி ஏறுகிறது. மேலே பி, சி, சி, பி என்று ஒரு படி போய்த் திரும்புகிறது. ஃபிஃப்த்தும் சிக்ஸ்த்துமாகத் தாவிக்கொண்டே இருக்கும் தனியொரு கருவி, உண்மையில் மூன்று அமைதியான கோடுகளை வரைந்துகொண்டிருக்கிறது. மெதுவாக இந்த மூன்று கோடுகளையும் தனித்தனியே பாடிவிட்டு மூலத்தைக் கேளுங்கள். பிறகு அதைப் பழையபடி கேட்க முடியாது.

கார்டில் இல்லாத சுரத்தை மெலடியில் எப்போது பயன்படுத்தலாம்?

படியாக வந்து படியாகப் போனால் கிட்டத்தட்ட எப்போதும். சி கார்டின் மேல் இ, டி, சி என்று இறங்கினால் நடுவில் உள்ள டி பாஸிங் நோட். இ, எஃப், இ என்று எட்டிப் பார்த்துத் திரும்பினால் எஃப் நெய்பர் நோட். இரண்டிலும் அந்நியச் சுரம் பக்கத்து வீட்டிலிருந்து வந்து பக்கத்து வீட்டுக்கே போகிறது, யாருக்கும் உறுத்தாது. தாவி வந்து தாவிப் போகும் அந்நியச் சுரம்தான் தப்பு நோட் போலக் கேட்கும்.

சஸ்பென்ஷன் இன்னும் அழகானது. எஃப் கார்டில் (எஃப், ஏ, சி) ஒரு குரல் சி-யில் நிற்கட்டும். அடித்தளக் குரல் (பேஸ்) ஜி-க்கு நகரும்போது அந்தச் சி-யை விடாமல் பிடித்திருங்கள். ஜி-க்கு மேல் ஃபோர்த்தாக அது உறுத்தும். பிறகு ஒரு படி இறங்கி பி-க்கு வாருங்கள். உரசல் வலுவான தாள அடியில் விழ வேண்டும், இளகுவது மெலிந்த அடியில். இதைத் தலைகீழாக வைத்தால் விளைவே இருக்காது. இன்னொரு வழக்கமான தவறு: ஒரு குரல் சி-யில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே வேறொரு நடுக்குரலில் பி-யை வாசித்துவிடுவது. போய்ச் சேர வேண்டிய இடத்தை முன்கூட்டியே காட்டிவிட்டால் காத்திருக்க எதுவும் மிஞ்சாது.

என் கார்டு மாற்றங்கள் துண்டு துண்டாகக் கேட்கின்றன. என்ன செய்ய?

கையை அப்படியே தூக்கி அடுத்த கார்டுக்கு நகர்த்துகிறீர்கள் என்று பொருள். சி–இ–ஜி, எஃப்–ஏ–சி, ஜி–பி–டி என்று வாசித்தால் எல்லாக் குரலும் ஒரே திசையில் ஒரே அளவு நகர்கிறது. இப்படி வாசித்துப் பாருங்கள் (வலது கையில் கீழிருந்து மேலாக):

சி கார்டு: சி, இ, ஜி
எஃப் கார்டு: சி, எஃப், ஏ
ஜி கார்டு: பி, டி, ஜி
சி கார்டு: சி, இ, ஜி

முதல் மாற்றத்தில் பொதுவான சி அசையவில்லை, மற்ற இரண்டும் ஒரு படி ஏறுகின்றன. இரண்டாவதில் மூன்றும் இறங்குகின்றன, நடுக்குரல் மட்டும் ஒரு தேர்ட். இடது கை பேஸில் அப்போது எஃப்-இலிருந்து ஜி-க்கு ஏறுவதால் கைகள் எதிரெதிர்த் திசையில் போகின்றன. கடைசியில் பி–சி, டி–இ, ஜி நிற்கிறது. பொதுச் சுரத்தைப் பிடித்துக்கொள், மற்றதை அருகிலுள்ள சுரத்துக்கு நகர்த்து, பேஸுக்கு எதிர்த்திசையில் போ. இந்த மூன்றும் கையில் வந்துவிட்டால் புதிய கார்டு எது வந்தாலும் பயமில்லை.

பேரலல் ஃபிஃப்த் ஏன் கூடாது?

சி–ஜி ஒலிக்கும் இரண்டு குரல்கள் அப்படியே டி–ஏ-க்கு நகர்ந்தால் அது பேரலல் ஃபிஃப்த். ஃபிஃப்த்தின் அதிர்வெண் விகிதம் 3:2. அவ்வளவு எளிய விகிதமாதலால் இரண்டு சுரங்களும் கலந்து ஒன்றாகிவிடுகின்றன. அப்படிக் கலந்தபடியே சேர்ந்து நகர்ந்தால் இரண்டு குரல் என்ற உணர்வு போய்விடும். ஆக்டேவுக்கு இது இன்னும் பொருந்தும். தனித்தனிக் குரல்கள் வேண்டும் என்னும்போதுதான் இது தவறு. கிட்டாரில் பவர் கார்டு (சி–ஜி போல ஃபிஃப்த் மட்டும் கொண்டது) முழுக்க முழுக்கப் பேரலல் ஃபிஃப்த்தான். அங்கே நோக்கமே ஒரு கோட்டைத் தடிமனாக்குவது.

சொந்தமாக ஒரு மெலடி எழுதிப் பழக எப்படித் தொடங்குவது?

8 முதல் 11 சுரம் வரை, தாளம் இல்லாமல், எல்லாம் சம நீளத்தில். தொடக்கமும் முடிவும் சி. முடிவுக்கு முந்தைய சுரம் டி அல்லது பி, அதாவது சி-யின் பக்கத்துச் சுரம். மொத்த வீச்சு ஓர் ஆக்டேவுக்குள். உச்சிச் சுரம் ஒன்றே ஒன்று, ஒரே ஒரு முறை. பாதிக்கு மேல் படியாக இருக்கட்டும்.

எடுத்துக்காட்டு: சி, இ, டி, ஜி, எஃப், ஏ, ஜி, இ, டி, சி. ஒன்பது நகர்வுகளில் ஐந்து படி, மூன்று தேர்ட், ஒரு ஃபோர்த். டி–ஜி ஃபோர்த் தாவியதும் எஃப்-க்குத் திரும்புகிறது. ஏ ஒரு முறைதான் வருகிறது, நடுவைக் கொஞ்சம் கடந்து.

இதற்கு மாறாகச் சி, எஃப், பி, ஜி, சி என்று எழுதியிருந்தால்? எங்குமே படி இல்லை, டிரைடோன் இருக்கிறது, மேலே ஏறத் துடிக்கும் பி, சி-க்குப் போகாமல் ஜி-க்கு விழுகிறது. கொஞ்சம் திருத்தினால் போதும்: சி, எஃப், இ, ஜி, ஏ, பி, மேல் சி. ஃபோர்த் தாவல் இருக்கிறது, உடனே திரும்புகிறது, பி தன் இடத்துக்குப் போய்ச் சேர்கிறது.

எழுதியதைப் பாடுங்கள். கருவி எந்தத் தாவலையும் சகித்துக்கொள்ளும், தொண்டை சகிக்காது.

இன்டர்வலைக் காதால் கண்டுபிடிக்க எப்படிப் பயிற்சி செய்வது? தெரிந்த பாட்டோடு சேர்த்து நினைவில் வைத்தால் போதாதா?

தொடக்கத்துக்கு உதவும், தூரம் வராது. பாட்டின் முதல் இரண்டு சுரம் பெரும்பாலும் குறிப்பிட்ட சுர இடங்களில்தான் இருக்கும். ச–ப ஃபிஃப்த் அடையாளம் தெரிந்தவர் ப–மேல் ரி என்ற அதே ஃபிஃப்த்தைக் கேட்டால் தடுமாறுவார், ஏனென்றால் அது வேறு இடத்தில் நின்று வேறு சுவை தருகிறது.

படியை வைத்துத் தாவலைப் பிடியுங்கள். சி, டி, இ பாடுங்கள். அடுத்த முறை டி-யை வாய்க்குள் மட்டும் பாடிவிட்டு சி, இ என்று உரக்கப் பாடுங்கள். பிறகு சி-யிலிருந்து எஃப், ஜி வரை நடுச் சுரங்களை மனத்துக்குள் கடந்து போங்கள். தினமும் 10 நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டே இன்டர்வல். இறங்கும் இன்டர்வலைத் தனியாகப் பழக வேண்டும். ஏறும்போது தெரிந்தது இறங்கும்போது தானாக வராது. ஃபோர்த்தும் ஃபிஃப்த்தும் குழம்பினால், கீழ்ச் சுரம் வீடு போலக் கேட்டால் ஃபிஃப்த், மேல் சுரம் வீடு போலக் கேட்டால் ஃபோர்த் என்று முதலில் ஊகித்துப் பிறகு படியேறிச் சரிபாருங்கள்.

கர்நாடக இசையில் சரளி வரிசையில் தொடங்கித் தாட்டு வரிசைக்குப் போகும் பாட வரிசையும் இதே வழிதான்: முதலில் படி, பிறகுதான் தாவல்.

படிதான் நல்லது என்றால் ஸ்கேலையே மேலும் கீழும் வாசித்தால் மெலடி ஆகிவிடுமா?

ஆகாது. ஒரே திசையில் ஐந்தாறு படி போனாலே அடுத்த சுரம் எது என்று காதுக்குத் தெரிந்துவிடும், கேட்பதை நிறுத்திவிடும். அந்த இடத்தில்தான் ஒரு தாவல் வேண்டும். சி, டி, இ, எஃப், ஜி, ஏ என்று போவதற்குப் பதிலாகச் சி, டி, இ, ஏ, ஜி, எஃப் என்று வாசியுங்கள். அதே ஆறு சுரம்தான். இ–ஏ தாவல் இரண்டு சுரங்களைக் கடனாக விட்டுவிட்டுப் போகிறது, இறங்கும் வழியில் ஜி-யும் எஃப்-ம் அதைத் தீர்க்கின்றன. எஃப்-க்குப் பிறகு இ-யையும் வாசித்துவிடுங்கள்; எஃப்-இல் நிறுத்தினால் காது அங்கேயே காத்துக்கொண்டிருக்கும்.